ஏழாவது படி வரை வந்த வைஃபை

பிரபு,

ஆபீஸ் ரூட்டரை மாற்றியாகிவிட்டது. நான்தான் மாற்றினேன். இந்த வரியை நம்பாமல் நீ திரும்பப் படிப்பாய் என்று தெரியும், படித்துக்கொள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பாஸ் மார்க் எவ்வளவோ அதை மட்டும் வாங்கி, அதற்கு மேல் ஒரு மார்க்கையும் வீணடிக்காத உன் அப்பா, கம்ப்யூட்டரில் நம்பர் தட்டி, ரூட்டரின் வயிற்றுக்குள் போய், பெயர் மாற்றி, பாஸ்வேர்டு மாற்றி, உயிரோடு வெளியே வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன். உங்கம்மா போனை வாங்கி, "குளிருக்கு சாக்ஸ் போட்டியா" என்று ஆரம்பித்துவிட்டாள். அது சாக்குதான். ரூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டரின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் டப்ளின் வேலைக்கு நம் ஆபீஸில் உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்தாயே, பாதியில் நெட் நின்றுபோனதே, "கரெண்ட் போச்சுடா" என்று நான் வந்து சொன்னேனே, அன்று கரெண்ட் போகவில்லை. நான்தான் ஸ்விட்சை அணைத்தேன். டிசம்பரில் லீவ் போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். இதைப் படித்த பிறகும் யோசிப்பாயா என்பதுதான் இப்போது என் கவலை. எதற்கும் முழுக் கதையையும் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

போன மாசம் பழைய பிராட்பேண்ட் லைனை நிறுத்தப்போகிறோம், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வந்தது. நான் வழக்கம்போல அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு புதன்கிழமை காலையில் லைன் செத்தது. தொம்மலூரில் நம் ஆபீஸ் இருக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். கீழே மருந்துக் கடை, மேலே இரண்டு ரூம், பதினாறு படி. லிஃப்ட் சர்வீஸ் பண்ணுகிற ஆபீஸ், கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அப்போதே நீ அதை வைத்துக் கிண்டல் பண்ணி, வைஃபைக்கு "லிஃப்ட் இல்லாத ஆபீஸ்" என்று பெயர் வைத்தாய். வந்த கஸ்டமர்கள் போனைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உன்மேல் ஒரு வாரம் எரிந்து விழுந்தேன். இப்போது யோசித்தால், நம் ஆபீஸைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாக ஒரு போர்டு எழுதியதில்லை.

லைன் செத்ததும் ஜெயந்தி கத்த ஆரம்பித்தாள். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பதினைந்து வருஷமாக நம் கம்ப்ளைன்ட் போனை எடுக்கிறவள், அவளுக்குக் கத்த உரிமை இருக்கிறது. இப்போதெல்லாம் எந்த அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் நின்றாலும் கம்ப்யூட்டருக்குத்தான் மெசேஜ் வருகிறது. "அண்ணா, அல்சூர் ஏரிப் பக்கத்து அபார்ட்மென்ட்ல லிஃப்ட் ரெண்டாவது மாடியில நிக்குதாம். என் போன் டேட்டாவுல பாத்துச் சொல்றேன். நாளைக்கும் என் டேட்டாவா? இது ஆபீஸா, என் மாமியார் வீடா?" என்றாள். நான் உடனே வீரனாகிவிட்டேன். கோளாறு ரூட்டரில்தான் என்று எனக்கு நானே தீர்மானம் பண்ணிக்கொண்டு, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பின்பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அமுக்கச் சொன்னதை அமுக்கினேன். பத்து வினாடி போதும் என்றார்கள். நான் முப்பது வினாடி அமுக்கினேன், தரமாக இருக்கட்டும் என்று. லைட்டெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தது. அவ்வளவுதான். நீ வைத்த பெயர், நீ வைத்த பாஸ்வேர்டு, நீ செய்து வைத்திருந்த எல்லாமே துடைத்துக்கொண்டு போய்விட்டது. செத்தது லைன். நான் கொன்றது ரூட்டரை.

மறுநாள் ஃபைபர் போட மஞ்சுநாத் என்று ஒருவர் வந்தார். என் வயசு இருக்கும், முட்டிவலிக்காரர், பதினாறு படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கன்னடத்தில், "லிஃப்ட் ஆபீஸ் அந்த ஹேளிதரு, லிஃப்ட் எல்லி சார்?" என்றார். லிஃப்ட் ஆபீஸ் என்றார்களே, லிஃப்ட் எங்கே என்கிறார். ஜெயந்தி சிரித்த சிரிப்பு கீழே மருந்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். சுவரில் ஓட்டை போட்டு, முடி மாதிரி ஒரு வயரை உள்ளே இழுத்து, புது ரூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டட்டும் என்று கேட்டார். நான் இரும்பு பீரோவைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பார். அதே பார்வையை முன்னாலேயே நீ என்னைப் பார்த்திருக்கிறாய். நீ காலேஜ் கடைசி வருஷத்தில் முதல் ரூட்டரை வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனபோது, விலை உயர்ந்த பொருள் என்று அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சாயங்காலம் நீ வந்து, "அப்பா, இது நகை இல்லப்பா. இரும்புக்குள்ள வெச்சா மூச்சு முட்டிச் செத்துப் போகும்" என்று சொல்லி, பீரோவின் தலைமேல் எடுத்து வைத்தாய். மஞ்சுநாத்திடம் நான் இந்தக் கதையைச் சொன்னேன். "நிம்ம மகா ஜாணா" என்றார். புத்திசாலி என்கிறார் உன்னை. நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பீரோவின் தலைமேலிருந்த பழைய ரூட்டரை எடுத்துத் துடைத்தேன்.

ரூட்டரை நடு ரூமில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினார். அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் புரியாத எழுத்தும் நம்பருமாக ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. இப்போது கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா, மெக்கானிக்குகள் இரண்டு பேர் போன், வருகைப் பதிவு மெஷின் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். புது ரூட்டருக்குப் பழைய பெயரையே வை, பழைய பாஸ்வேர்டையே எழுத்து மாறாமல் வை, எல்லா மெஷினும் பழைய ரூட்டர்தான் என்று நினைத்துத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், "அவுக்கெ ஒசது அந்த கொத்தே ஆகல்லா" என்றார். புதுசு என்றே அவற்றுக்குத் தெரியாதாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, பிரபு. பெட்டி மாறிவிட்டது, ஆனால் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பழைய ஆட்கள் உள்ளே வரலாம். ஒரே சிக்கல், அந்தப் பாஸ்வேர்டு உன் ஒருவனுக்குத்தான் தெரியும். எங்களிடம் சொன்னால் நான் வருகிற கஸ்டமருக்கெல்லாம் டீ மாதிரி ஊற்றிக் கொடுத்துவிடுவேன் என்று, ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி நீயே அடித்துக் கொடுத்தவன்.

"தம்பிக்கு ஒரு போன் போடுங்கண்ணா, ரெண்டு நிமிஷ வேலை," என்றாள் ஜெயந்தி. "அங்க இப்போ தூங்கிட்டிருப்பான்," என்றேன். "அப்ப மெசேஜ் போடுங்க, எழுந்து பாக்கட்டும்." "வேலைக்குப் போற அவசரத்துல எதுக்கு அவனை..." "ஏண்ணா, உங்க பையன்கிட்ட ஒரு பாஸ்வேர்டு கேக்க உங்களுக்கு என்ன வெட்கம்?" அவளிடம் சொல்கிற விஷயமா அது? உனக்குச் சொல்கிறேன். ரூட்டர் என்ற வார்த்தையை உன்னிடம் பேச வாய் வராமல்தான் மூன்று வருஷமாக இருக்கிறேன்.

இன்டர்வியூ அன்று வீட்டுப் பக்கத்தில் கட்டட வேலை, ஒரே டிரில் சத்தம் என்று நீ ஆபீஸ் உள் ரூமுக்கு லேப்டாப்போடு வந்தாய். புதுச் சட்டை. ஜெயந்தி சாப்பிடப் போயிருந்தாள். நான் வெளி ரூமில் பழைய டோர் லாக் ஒன்றைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் நீ பேசுவது கேட்டது. உன் இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரியாது. ஆனால் நீ சிரித்தது புரிந்தது. யாரோ அந்தப் பக்கத்தில் ஏதோ சொல்ல, நீ மனசு விட்டுச் சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை நீ எங்களிடம் சிரித்து எத்தனை நாளாச்சு என்று யோசித்தேன். நீ லிஃப்ட் வேலைக்கு வரவில்லை என்று நான் சத்தம் போட ஆரம்பித்த நாளிலிருந்து என்று எனக்கே பதில் வந்தது. அப்புறம் நீ, எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வர முடியும் என்ற மாதிரி எதையோ சொன்னாய். அந்த வாக்கியம் முழுசாகப் புரிந்தது. எழுந்து போய் ரூட்டர் ஸ்விட்சை அணைத்தேன்.

லிஃப்ட்காரன் முதல் நாள் கற்றுக்கொள்வதே அதுதான். எதில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் மெயினை அணை. வேலை முடிந்து கிளம்பும்போதும் அணை. அந்தப் பழக்கத்தில் நான் தினமும் சாயங்காலம் ரூட்டரையும் அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவேன், கேமரா ராத்திரியில்தானே வேலை செய்யணும் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். அன்றும் பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்விட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கை தானாகப் போகவில்லை, நான் அனுப்பினேன். உள்ளே நீ ஹலோ ஹலோ என்றாய். நான் கதவைத் திறந்து, "கரெண்ட் போச்சுடா," என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஒரு நொடி மேலே பார்த்தாய். "சரிப்பா," என்றாய். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், படியில் உட்கார்ந்து, உன் போன் டேட்டாவில் மீதி இன்டர்வியூவை முடித்தாய். அந்த ரூமிலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு, நீ மேலே எதைப் பார்த்தாய் என்று அப்புறம்தான் உறைத்தது. ஃபேன். கரெண்ட் போச்சு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் கரெண்ட்டோடு பிழைத்தவன் சொன்ன பொய்யின் தரம் அது.

நீ கவனித்திருக்க மாட்டாய், டென்ஷனில் இருந்தாய் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். உனக்கு வேலை கிடைத்தது. ஸ்வீட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தவன் நான்தான். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உன்னோடு வந்தபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "பெல்ட் போட்டுக்கோ," என்று மட்டும் சொன்னேன். விமானத்தில் பெல்ட் போட யாரும் உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வா. நானும் ஜெயந்தியும் வாதாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சுநாத், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்குப் பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கும், கேட்டால் சொல்லும் என்றார். எங்கெங்கோ தட்டினார். வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கீழே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டார். புள்ளிகள் எழுத்தாக மாறின. இங்கிலீஷ் எழுத்தில், நடுவில் இடம் விடாமல், நம் தமிழ். அவருக்குப் புரியவில்லை. ஜெயந்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "அப்பா ஆஃப் பண்ணாதீங்க." அதற்குப் பின்னால் நாலு நம்பர், அதை இங்கே எழுத மாட்டேன், அந்த அளவுக்கு நானும் பாதுகாப்பு கற்றுக்கொண்டுவிட்டேன். "பாத்தீங்களாண்ணா, டெய்லி சாயங்காலம் நீங்க அணைச்சதுக்குத் தம்பி வெச்ச ஆப்பு!" என்று ஜெயந்தி கைதட்டிச் சிரித்தாள். மஞ்சுநாத்தும் அர்த்தம் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஏனென்றால் நீ அதை எப்போது வைத்தாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்டர்வியூ முடிந்த அடுத்த சனிக்கிழமை. "பாஸ்வேர்டு மாத்தறேன்ப்பா, கீழ மருந்துக் கடையில எல்லாரும் நம்ம நெட்லதான் படம் பாக்கறாங்க," என்று சொல்லி, எல்லோருடைய போனையும் வாங்கினாய். என் போனைக் கடைசியாக வாங்கினாய். அடித்துவிட்டுக் கையில் கொடுக்கும்போது, "இனிமே ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா, அப்படியே விட்டுடுங்க," என்றாய். ரூட்டரைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. ஃபேனைப் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நீ சண்டை போடவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். மூன்று வருஷமாக நம் எல்லோருடைய போனும் காலையில் ஆபீஸுக்குள் நுழையும்போது அந்த மூன்று வார்த்தையைச் சொல்லித்தான் உள்ளே போயிருக்கிறது, என் போன் உள்பட. எனக்கு மட்டும்தான் அது கேட்கவில்லை.

அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியாது, ஆனாலும் அப்பன் என்ற உத்தியோகத்தில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். இனிமேல் யாராவது உன் லைனை அணைத்துவிட்டுக் கரெண்ட் போச்சு என்றால், ஃபேனைக் காட்டிக் கேள். அது நானாக இருந்தாலும் கேள். என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று நீ பொறுத்துக்கொண்டாய், அது உன் நல்ல குணம், உங்கம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் அன்று நீ, "ஏம்ப்பா அணைச்சீங்க?" என்று கேட்டிருந்தால், நான் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ போறது புடிக்கலடா என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல்தான் ஸ்விட்சைத் தேடிப் போனேன்.

மஞ்சுநாத் கிளம்பியதும் மீதியை நானே செய்தேன், ஜெயந்தி சாட்சி. ரூட்டரைத் திறக்க அவர் எழுதிக் கொடுத்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து உள்ளே போனேன். உள்ளே போகிற பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார், மாற்றினேன். கஸ்டமர்களுக்கு என்று தனியாக ஒரு வைஃபை வைத்தேன், இனிமேல் அதை நான் தாராளமாக ஊற்றிக் கொடுக்கலாம். அப்புறம் நம் பெயர். "லிஃப்ட் இல்லாத ஆபீஸ்" என்று ஒற்றை விரலால் நானே அடித்தேன். அதற்குக் கீழே அந்த மூன்று வார்த்தையையும் நாலு நம்பரையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் அடித்தேன். சேவ் கொடுத்து, லைட் பச்சையாகும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் பிரின்டர் கிர்ரென்றது. அப்புறம் கேமரா. ஜெயந்தியின் போன் டிங் என்றது. "அண்ணா, எல்லாம் தானா வந்துடுச்சு!" என்றாள். பிறகு ரூட்டர் ஸ்விட்ச்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டினேன். இனி அதை யாரும் அணைக்க முடியாது. முக்கியமாக நான்.

உனக்கு அந்த ஏழாவது படி ஞாபகம் இருக்கிறதா? நாம் சண்டை போட்ட நாட்களில் நீ மேலே வர மாட்டாய். கீழிருந்து ஏழாவது படி வரைக்கும்தான் நம் வைஃபை எட்டும் என்று கண்டுபிடித்து, அங்கே உட்கார்ந்துகொள்வாய். "அண்ணா, தம்பி ஏழாவது படியில இருக்கு, டீ குடுக்கட்டா?" என்பாள் ஜெயந்தி. "வேண்டியவன் மேல வந்து குடிக்கட்டும்," என்பேன். அவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். நீ இவ்வளவு கிட்டே வந்து உட்கார்ந்திருக்கிறாயே, ஒன்பது படி இறங்கினால் போதுமே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இன்டர்வியூ அன்றும் நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய், வைஃபை இல்லாமல்.

ரூட்டர் வேலை செய்ததும் ஜெயந்தியைப் போனோடு இறங்கச் சொன்னேன். "ஏழாவது படிண்ணா, ஃபுல்லா இருக்கு. அஞ்சு. மூணு. ரோட்டுக்கே வந்துட்டேண்ணா, இன்னும் புடிக்குது. இன்னும் போகணுமா, பஸ் ஏறி வீட்டுக்கே போயிடவா?" என்று கீழேயிருந்து கத்தினாள். ஆக, இப்போது வாசலிலேயே பிடிக்கிறது. ரூட்டருக்குள் ஒரு லிஸ்ட் இருக்கிறது, யார் யார் போன் வந்து ஒட்டியிருக்கிறது என்று பெயரோடு காட்டும். ஜெயந்தி போன் இருக்கிறது, என் போன் இருக்கிறது, மெக்கானிக்குகள் வரும்போது அவர்களுடையதும் வருகிறது. காலையில் வந்ததும் அதைத் திறந்து வைத்துக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. "என்னண்ணா, இன்னிக்கும் அட்டென்டன்ஸா?" என்று ஜெயந்தி கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.

இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அந்த ரூட்டர் வழியாகத்தான் உன்னிடம் வருகிறது. டிசம்பரோ, எப்போதோ, நீ வந்து கீழே ஆட்டோவிலிருந்து இறங்கும்போது உன் போன் யாரையும் கேட்காமல் தானாக ஒட்டிக்கொள்ளும். போனை மாற்றியிருந்தால் பாஸ்வேர்டு உனக்குத் தெரியும், அதை வைத்தவன் நீ. நீ போன் பண்ண வேண்டாம், மேலே வா என்று நானும் கூப்பிட மாட்டேன். லிஸ்ட்டில் உன் பெயர் வந்ததும் இரண்டு டீயை எடுத்துக்கொண்டு நான் இறங்கி வருகிறேன். ஒன்பது படிதான். நீ ஏழாவது படியில் உட்கார்ந்திரு.

அப்பா